கர்ரி யாருடைய சொல்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மகள் பத்தாம் கிரேடு படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தில் ‘கர்ரி ஃபேவர்’ என்ற தொடர் வந்திருக்கிறது. ஒருவரிடம் நயந்து பேசிச் சலுகை வாங்குவது என்று பொருள் எழுதிப் போட்டிருக்கிறார்கள். இதில் கறி எங்கே வந்தது என்று அவள் கேட்டிருக்கிறாள். கர்ரி பழைய ஆங்கிலச் சொல், 14ஆம் நூற்றாண்டுச் சமையல் புத்தகத்திலேயே இருக்கிறது என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். வீட்டிலோ ‘கர்ரி நம்ம தமிழ்ச் சொல்’ என்று சொல்லித்தான் நீங்கள் அவளை வளர்த்திருக்கிறீர்கள். இப்போது அவள், “அப்பா, நீங்க சொன்னது தப்பா?” என்கிறாள். எழுத்தில் நீங்கள் கேட்டது ஒரு சொல்லின் பிறப்பை. உள்ளே இருப்பது, மகளிடம் எவர் பேச்சு நிற்கும் என்ற கவலை. இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தவன் என்பதால் எனக்கு அது புரிகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னது சரி. ஆசிரியை சொன்ன புத்தகமும் உண்மையில் இருக்கிறது. ஆனால் நீங்கள் இருவரும் பேசியது ஒரே சொல்லைப் பற்றி அல்ல. ஒட்டும் உறவும் இல்லாத மூன்று சொற்கள் ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே உருவத்தில் புழங்கியிருக்கின்றன. தட்டில் வருவது ஒன்று, பழைய புத்தகத்தில் இருப்பது இன்னொன்று, ‘கர்ரி ஃபேவர்’ மூன்றாவது. அந்த மூன்றாவது குதிரை லாயத்திலிருந்து வந்தது.

நான் மொரீஷியஸ் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். தமிழ்ப் பக்கத்தை என் படிப்பை வைத்துச் சொல்கிறேன். பழைய பிரெஞ்சு என் துறை அல்ல. அங்கே பெரிய அகராதிகள் ஒத்துச் சொல்வதைத்தான் எடுத்துத் தருகிறேன். இன்னொன்று, ஆங்கிலச் சொல்லைக் ‘கர்ரி’ என்றும் இந்தத் தீவில் பிரெஞ்சிலிருந்து கிளைத்துப் புழங்கும் நம் க்ரியோல் மொழியின் சொல்லைக் ‘காரி’ என்றும் எழுதுகிறேன். இல்லாவிட்டால் நம் கறியோடு கலந்து குழம்பிப்போகும்.

தட்டில் வருவதிலிருந்து தொடங்குவோம். இதில் சந்தேகத்துக்கு இடம் மிகக் குறைவு. ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு 1598இல் வருகிறது. லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் கோவாவில் சில வருஷம் இருந்துவிட்டுப் போய் எழுதிய பயண நூல் அந்த ஆண்டு ஆங்கிலத்தில் வெளியானது. அங்குள்ளவர்கள் மீனைச் சாறாகக் காய்ச்சிச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள், கொஞ்சம் புளிப்பாக இருந்தாலும் ருசியாக இருக்கிறது, அதற்குக் ‘காரியெல்’ என்று பெயர், தினமும் இதுதான் அவர்கள் உணவு என்று அதில் இருக்கிறது. நம் மீன் குழம்பை நானூறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் முகர்ந்து பார்த்து எழுதியது போலவே இல்லையா? அதற்கும் முன்னால், 1563இல், கோவாவிலிருந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா கோழியும் இறைச்சியும் போட்டுச் செய்யும் ‘கரில்’ பற்றி எழுதியிருக்கிறார். சொல் நேராக ஆங்கிலத்துக்குப் போகவில்லை. தென்னிந்தியக் கரையில் போர்த்துக்கீசியர் வாயில் ஏறி, அங்கிருந்துதான் இங்கிலாந்து போய் இறங்கியது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி 1681இல் வருகிறது. ராபர்ட் நாக்ஸ் இலங்கையில் கண்டி அரசனிடம் சிறைப்பட்டுப் பத்தொன்பது வருஷம் கிடந்த ஆங்கிலேயர். தப்பிப்போய் எழுதிய புத்தகத்தில், பழங்களைப் பழுப்பதற்கு முன்பே பறித்து வேகவைத்துக் ‘காரீஸ்’ செய்கிறார்கள், போர்த்துக்கீசியர் சொல்லில் சொன்னால் அது சோற்றுக்கு ருசியாகத் தொட்டுக்கொள்ளும் ஒன்று என்கிறார். பலாக்காய்க் கறியும் வாழைக்காய்க் கறியும் தின்றே உயிர் பிழைத்த மனிதர் போலிருக்கிறது. அந்த இடத்தில் மசாலா, மிளகாய், மஞ்சள் என்று எதையும் அவர் சொல்லவில்லை. சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவது, அவ்வளவுதான். நம் ஆட்கள் கறி என்று சொல்லும்போது நினைப்பதும் இதைத்தான்.

போர்த்துக்கீசியத்தில் கடைசியில் அந்த ‘ல்’ எப்படி ஒட்டியது என்பதில் மட்டும் இரண்டு கருத்து உண்டு. கன்னடக் கரையில் ‘கரில்’ என்றொரு வடிவம் இருந்தது, அதைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒன்று. மற்றது அவர்கள் இலக்கணம் சார்ந்தது. போர்த்துக்கீசியத்தில் ‘இல்’ என்று முடியும் சொற்கள் பன்மையில் ‘இஸ்’ ஆகும். பீப்பாய்க்கு ‘பர்ரில்’, பல பீப்பாய்களுக்கு ‘பர்ரிஸ்’. அப்படியிருக்க ‘கரிஸ்’ என்று காதில் விழுந்தால், ஒன்றுக்குக் ‘கரில்’ என்றுதான் இருக்கவேண்டும் என்று தாங்களாகவே ஒருமையைச் செய்துகொண்டிருப்பார்கள். இரண்டும் நடந்திருக்கக்கூடியதே. எனக்கு இரண்டாவது பிடிக்கிறது, ஆனால் பிடிப்பது சான்று ஆகாது.

இங்கிலாந்து அச்சுப் புத்தகத்தில் சமையல் குறிப்பாக இது வருவது 1747இல், ஹன்னா கிளாஸ் எழுதிய நூலில். இந்திய முறையில் கர்ரி செய்வது என்று தலைப்பு. கோழி அல்லது முயல், வெங்காயம், எண்ணி முப்பது மிளகு, ஒரு கரண்டி அரிசி. கொத்தமல்லி விதையை, அடுப்பில் நெருப்பு அள்ளும் கரண்டியைச் சுத்தமாக்கி அதிலேயே வறுத்துப் பொடி செய்யச் சொல்கிறார். மஞ்சளும் இஞ்சியும் பின்னால் வந்த பதிப்புகளில்தான் சேர்ந்தன. அப்புறம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கர்ரிப் பொடி என்று ஒன்றை லண்டனில் புட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்தார்கள். சொல்லின் பொருள் மாறியது அங்கேதான். சோற்றுக்குத் துணை என்பது போய், ஒரு குறிப்பிட்ட மஞ்சள் நிறமும் வாசனையும் உள்ள எதுவும் கர்ரி ஆகிவிட்டது. ஜப்பானியர்களின் ‘கரே’ கூட 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பொடி வழியாக ஆங்கிலேயர்களிடமிருந்து போனதுதான்.

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். கறி என்பதில் வருவது வல்லின ற. இதைச் சொல்லாமல் விட்டால் என் பழைய மாணவர்கள் சிரிப்பார்கள். இந்தத் தீவில் ரகரமும் றகரமும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன, பிரெஞ்சு ர வேறு வந்து இரண்டையும் தொண்டைக்குள் இழுத்துவிடுகிறது. சொல்வதெழுதுதலில் ‘அம்மா கரி சமைத்தார்’ என்று வாராவாரம் வரும். நான் பக்கத்தில் ஒரு அடுப்புக்கரித் துண்டை வரைந்து திருப்பிக் கொடுப்பேன். இணையத்தில், கருகச் சமைப்பதால் கரி, அதிலிருந்து கர்ரி என்று ஒரு விளக்கம் உலவுகிறது. அது நிற்காது. கரிக்கு இடையின ர, கறிக்கு வல்லின ற. பழந்தமிழில் இந்த இரண்டும் வேறு வேறு ஒலிகள், ஒன்று மற்றதாகத் தானாக மாறிவிடாது.

சங்கப் பாட்டில் கறி என்றால் பெரும்பாலும் மிளகு. அகநானூறு 149ஆம் பாடலில் முசிறித் துறைக்கு யவனர் கப்பல் “பொன்னொடு வந்து கறியொடு பெயரும்” என்று வருகிறது. பொன்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு திரும்பின. இன்றைய பிள்ளை படித்தால் யவனர்கள் தங்கத்தைக் கொடுத்து ஆட்டிறைச்சி வாங்கிப் போனார்கள் என்றுதான் நினைப்பான். வகுப்பில் ஒருவன் அப்படியே கேட்டான், “ஐயா, வழியில் கெட்டுப்போகாதா?” பட்டினப்பாலையிலும் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களில் “கருங்கறி மூடை” இருக்கிறது, மிளகு மூட்டை. கறித்தல் என்ற வினையும் உண்டு, கடித்துத் தின்பது. காய், இறைச்சி, அவற்றைச் சமைத்தது என்ற பொருள்களும் அதே சொல்லுக்கு உண்டு. மிளகிட்டுச் சமைத்ததால் உணவுக்குக் கறி என்று பெயர் வந்ததா, கடித்துத் தின்பதால் வந்ததா என்பது அறிஞர்களிடையே இன்னும் முடியாத வழக்கு. மிளகாய் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் பெரும்பாலும் மிளகுதான். அதனால் மிளகுக் கதை நம்பும்படி இருக்கிறது. உறுதி என்று மட்டும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்றைய தமிழிலேயே கறி ஊருக்கு ஊர் வேறு. தமிழ்நாட்டில் கறிக்கடை என்றால் ஆட்டுக்கறி தொங்கும் கடை. அங்கேயே சில வீடுகளில் கறி என்பது எண்ணெயில் வதக்கிய வாழைக்காய். யாழ்ப்பாணத்தில் சோறும் கறியும் என்றால் மரக்கறியும் அடக்கம். நமக்கோ ஏழு கறி இருக்கிறது. காவடி முடிந்து கோயிலில் வாழையிலை போட்டு உட்காரும்போது மகளைக் கூட வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். பூசணி, வாழைக்காய், பலாக்காய் என்று ஒவ்வொன்றாகச் சோற்றைச் சுற்றி வைத்துக்கொண்டே போவார்கள். போன வருஷம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பேரன், “தாத்தா, ஆறுதான் இருக்கு, ரசோனையும் சேர்த்தாங்களா?” என்று கேட்டான். ரசோன் என்பது நம் ரசம்தான். பரிமாறியவர் வாளியைத் தூக்கிக்கொண்டே, “இலையில வர்றது எல்லாம் கறிதான், சாப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார். நாக்ஸ் 1681இல் எழுதியதை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

நம் ‘காரி’ ஆங்கிலத்திலிருந்து வந்தது அல்ல என்பதையும் சொல்லவேண்டும், இங்கே நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆங்கிலேயர் இந்தத் தீவைப் பிடித்தது 1810இல். அதற்கு முன்பே, லா பூர்தொனே பிரெஞ்சு ஆளுநராக இருந்த 1730களிலும் 40களிலும், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கல்தச்சரும் மரத்தச்சருமாகத் தமிழர்கள் வந்து தலைநகர் போர்ட் லூயியில் குடியிருந்தார்கள். பிரெஞ்சிலேயே இன்றும் இரண்டு வடிவம் இருக்கிறது. பாரிஸ்காரர் ‘கர்ரி’ என்பது ஆங்கிலத்திலிருந்து எடுத்தது, நாமும் பக்கத்துத் தீவு ரெயூனியன்காரர்களும் சொல்லும் ‘காரி’ இந்தியக் கடல் வழியாக வந்த பழைய வடிவம். கூடவே என்னென்ன வந்தன என்று சந்தையில் பாருங்கள். கொத்தமல்லித் தழை ‘கொத்தோமிலி’, முருங்கைக்கீரை ‘ப்ரேத் மூரும்’, கறிவேப்பிலை ‘காரிபூலே’. ரெயூனியனில் கறிவேப்பிலை ‘கலூபிலே’ என்று இன்னும் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. ஆங்கிலேயர் கறிவேப்பிலையைப் பாதி மொழிபெயர்த்துக் கர்ரி இலை ஆக்கினார்கள். நாம் முழுச் சொல்லையும் மென்று விழுங்கிவிட்டோம்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சமாச்சாரம். அம்மிக்கு க்ரியோலில் ‘ரோஸ் காரி’, கறிக்கல். அதன் மேல் உருட்டும் கல்லுக்குப் பெயர் ‘பாபா’, குழந்தை. தமிழில் அதன் பெயர் என்ன? குழவி. குழவி என்றாலும் குழந்தைதான். யாரோ ஒரு பாட்டி க்ரியோல் பேசும் அண்டை வீட்டுக்காரிக்குக் குழவி என்பதை விளக்கிச் சொல்லி அப்படி வந்திருக்கலாம். தாயின் மேல் குழந்தை தவழ்வதுபோல இருப்பதைப் பார்த்து அவர்களே தனியாக வைத்த பெயராகவும் இருக்கலாம். எனக்கு முதலாவதில்தான் மனம் போகிறது. இது என் ஊகம், எந்த அகராதியிலும் பார்த்தது அல்ல.

சரி, ஆசிரியை சொன்ன புத்தகம். சுமார் 1390இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த குறிப்புகள் அவை. 1780இல் சாமுவேல் பெக் என்பவர் அதை அச்சிட்டபோது ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’ என்று தலைப்பிட்டார், சமையல் முறை என்று அர்த்தம். அந்தக் ‘க்யூரி’ பழைய பிரெஞ்சில் சமையற்காரனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. மூலம் லத்தீன். ஆங்கில ‘குக்’கும் அதே குடும்பம், நாம் க்ரியோலில் வேகவைப்பதைக் ‘க்வி’ என்கிறோமே, அதுவும் அதே குடும்பம். அந்தக் காலத்துக் க்யூரி சமையல் கலை முழுவதையும் குறித்தது, ஒரு பண்டத்தை அல்ல. பிறகு வழக்கொழிந்து போனது. அந்தப் பழைய சொல் ஏற்கெனவே காதில் இருந்ததால்தான் கர்ரி எளிதாக ஒட்டிக்கொண்டது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். முதலில் வந்த எழுத்து வடிவங்களைப் பாருங்கள், காரியெல், காரீஸ். அவை போர்த்துக்கீசியத்தின் சாயலில் இருக்கின்றன, க்யூரியின் சாயலில் இல்லை.

இனி மகள் உண்மையில் கேட்டது. குதிரையைத் தேய்த்துச் சீவி விடுவதற்கும், பதனிட்ட தோலை மெருகேற்றி மென்மையாக்குவதற்கும் ஆங்கிலத்தில் ‘கர்ரி’ என்றொரு வினை 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இருக்கிறது. பழைய பிரெஞ்சில் ஒழுங்குபடுத்து, ஆயத்தம் செய் என்று பொருள்பட்ட சொல் அது. அதன் உள்ளே இருக்கும் ஜெர்மானிய வேர்தான் ஆங்கில ‘ரெடி’யிலும் இருக்கிறது. குதிரைக்குத் தேய்க்கும் பல்வைத்த சீப்புக்கு இன்றும் கர்ரிக்கோம்ப் என்றுதான் பெயர். 1812 முதல் குதிரைப் பந்தயம் ஓடும் ஷான் த மார்ஸ் பக்கம் நமக்குப் பழக்கமானதே. அங்கே லாயத்துப் பையன்கள் பிரெஞ்சில் ‘எத்ரீய்’ என்று கேட்டு வாங்கும் சாமான் அது. ஆங்கிலத்தில் ஒருவனை அடித்து நொறுக்குவதற்கும் இந்த வினை பயன்பட்டது. தோலை உரித்துவிடுவேன் என்று நம் அப்பாக்கள் மிரட்டினார்களே, அதே மாதிரி.

‘ஃபேவர்’ எப்படி வந்தது? 1310களில் பிரான்சில் ஃபோவெல் என்ற குதிரையைப் பற்றி ஒரு நையாண்டிக் காவியம் எழுதினார்கள். பழுப்பு மஞ்சள் நிறக் குதிரை. பெயரின் ஆறு எழுத்துகளும் ஆறு தீய குணங்களின் முதலெழுத்துகள்: முகத்துதி, பேராசை, இழிதனம், நிலையில்லாமை, பொறாமை, கோழைத்தனம். அரசரும் குருமாரும் வரிசையில் நின்று இந்தக் குதிரையைத் தேய்த்துவிடுகிறார்கள். ஃபோவெலைத் தேய்ப்பது என்றால் பொய்யாக நயந்து காரியம் சாதிப்பது என்றாகி, ஆங்கிலத்திலும் ‘கர்ரி ஃபேவெல்’ என்று வந்தது. குதிரையின் கதை மறந்துபோன பிறகு ஃபேவெல் எதற்கு என்று ஆங்கிலேயருக்கு விளங்கவில்லை. தெரிந்த சொல்லான ஃபேவரைப் பொருத்திக்கொண்டார்கள், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது நிலைத்துவிட்டது. ஆக அந்தத் தொடரில் நம் கறியும் இல்லை, முதலில் சலுகையும் இல்லை. இருந்தது ஒரு குதிரை மட்டும்.

இப்படித் திரிவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. மகளிடம் ‘காக்கா பிடிப்பது’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே விளங்கும். அதில் காகம் எங்கே வந்தது? கால், கை பிடிப்பது என்பதுதான் பேச்சில் தேய்ந்து காக்கா ஆயிற்று என்று சொல்வார்கள். அதை நிரூபிப்பது கடினம், ஆனால் பொருள் அழகாகப் பொருந்துகிறது. அங்கே குதிரை ஒளிந்துகொண்டது, இங்கே காக்கை பறந்து வந்தது.

கர்ரி என்று குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களைப் பற்றியும் மகள் கேட்கக்கூடும், கூடைப்பந்தில் ஸ்டீஃபன் கர்ரியைப் பார்க்கிற வயது. அந்தப் பெயர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தது, இந்த மூன்றோடும் சேராது.

ஆசிரியையிடம் போய் வாதாடவேண்டாம். க்யூரி வேறு, கர்ரி வேறு, 1598இல் வந்த காரியெல்தான் நம் கறி என்று மகளே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். சொல் ஆர்வம் உள்ள ஆசிரியை என்றால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில், ஆங்கில ‘கேஷ்’ நம் காசிலிருந்து வந்தது என்ற வரியைச் சேர்த்துவிடாதீர்கள், அடுத்து அங்கேதான் எல்லாரும் போவார்கள். கையில் புழங்கும் பணம் என்ற பொருளில் வரும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, கடையில் பணம் கட்டும் இடத்தை நாம் ‘கேஸ்’ என்கிறோமே, அதேதான். காசிலிருந்து போன கேஷ் ஒன்றும் உண்டு. அது மதராஸில் ஒரு காலத்தில் புழங்கிய சின்னச் செப்புக்காசின் பெயர், இப்போது நாணயம் சேகரிப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.